முன்கடையில் ஓடும், பின்வீட்டில் ஓடாது

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எங்கள் பக்கத்துக்குக் கொம்பியூட்டர் பைத்தியம் பிடித்தது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியில் எங்கே ஓர் அறை சும்மா கிடந்ததோ அங்கே ஒரு வகுப்பு முளைத்தது. புடவைக் கடையின் மேல்மாடி, நெல் ஆலையின் பழைய களஞ்சியம், பூட்டிக் கிடந்த மருந்துக் கடை, எல்லாவற்றிலும் பலகை தொங்கியது. பலகையில் எழுதியிருந்த பாடங்களை வாசித்தால் அமெரிக்காவில்கூட அவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் தட்டச்சு இயந்திரங்கள் வரிசையாக இருக்கும்; மூலையில் ஒரேயொரு கொம்பியூட்டர் துணி போர்த்தியபடி இருக்கும்.

அப்படிப்பட்ட ஒன்றில்தான் நானும் போய் மாட்டிக்கொண்டேன், படிக்கும் பக்கம் அல்ல, படிப்பிக்கும் பக்கம். ஏ.எல். பரீட்சை இரண்டு தரம் எழுதியும் பல்கலைக்கழகம், அதுதான் கெம்பஸ், கிடைக்கவில்லை. கொழும்பில் மாமி வீட்டில் தங்கியிருந்த காலத்தில் ஒரு கோர்ஸ் செய்திருந்தேன். அந்த ஒரு காரணத்தால் ஊரில் கொம்பியூட்டர் தெரிந்த, கலியாணமாகாத குமர் நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானாக எடுத்துச் சொல்லி என்ன கண்டேன்?

வகுப்பை நடத்தியவரை எல்லோரும் சேர் என்றார்கள். கட்டாரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இரண்டு நல்ல கொம்பியூட்டர்களுடன் திரும்பி வந்தவர். பிரதான வீதியில் அவருக்குச் சொந்தமாகக் கடையறை ஒன்று இருந்தது. அங்கே பொடியன்களுக்கு வகுப்பு நன்றாகவே ஓடியது. பெண்பிள்ளைகளுக்கும் தொடங்க வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. ஆனால் கடைக்கு நேர் எதிரே மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவல் சென்றி ஒன்று இருந்தது. வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட அந்தச் சிப்பாய்களுக்கு வேறு வேலை இல்லை. எந்த வாப்பா தன் மகளை அதற்கு முன்னால் படியேற விடுவார்? காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள் என்று நேரம் பிரித்துத் தருகிறேன் என்று சேர் சொல்லிப் பார்த்தார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் நன்றாகத் தேநீர் குடித்துவிட்டு, தனி வீடு, தனி வாசற் படலை, போய்வரத் தனி ஒழுங்கை என்றால் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தனி வீடு சேரிடம் இருந்தது. கடையின் பின்மதிலுக்கு அப்பால், கடற்கரைப் பக்கம் பார்த்தபடி, பூச்சுப் பூசாத கல்வீடு. அவருடைய மகளின் வீடு அது. மகள் அப்போது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து குடியிருப்பது பெண்ணின் வீட்டில்தான். ஆகவே பெண்பிள்ளை உள்ள வாப்பாமாருக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தூக்கம் வராது. பிள்ளை வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்தாள், வீடு மட்டும் கலியாணத்துக்கு ஆயத்தமாக நின்றது. காணி உறுதி தனி, வீட்டு இலக்கம் தனி, கரண்டும் தனி. நாளைக்கு வரப்போகும் மாப்பிள்ளை, மாமனாரின் கடையிலிருந்து வயர் இழுத்த வீட்டில் இருந்தான் என்ற பேச்சு வரக்கூடாதென்று, சேரின் மனைவி தன் பெயரில் வேறு மீட்டர் எடுத்து வைத்திருந்தார். கெட்டிக்கார மனிசி என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும்தான் மெச்சினேன்.

வீடு கிடைத்தது, கொம்பியூட்டர்ப் பெட்டிக்கு எங்கே போவது? சேர் யாரிடமோ பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். திரை நல்லது, விசைகள் நல்லவை, உள்ளே ஹார்ட் டிஸ்க் மட்டும் செத்துப் போயிருந்தது. பரவாயில்லை, முன்கடையில் உள்ள பெரிய பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து, இந்தப் பெட்டிக்குள் நெட்வேர்க் கார்ட் ஒன்றைப் பூட்டினால், அதன் டிஸ்க்கையே இதுவும் பாவிக்கும் என்றார். கட்டாரில் அவருடைய அலுவலகத்தில் அப்படித்தானாம். பெண்கள் இந்தப் பக்கம் இருந்து தட்டுவார்கள், அவர்களுடைய வேலை கேபிள் வழியாக மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. இதைக் கேட்டதும் மரைக்காயர்மாருக்கே சந்தோஷம். இவ்வளவு மார்க்கப்பற்றுள்ள இயந்திரம் உலகத்தில் வேறு இல்லை என்பது போல ஆகிவிட்டது.

வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பெரும்பாலும் என் வயதுக் குமர்கள். கலியாணம் பேசி முடியும்வரை நேரம் போக வேண்டும் என்று வந்தவர்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒருவர் மட்டும் வேறு. என்னைவிட எட்டுப் பத்து வயது கூட இருக்கும். அக்கா முறைக்கு நான் அவரை ராத்தா என்று கூப்பிட்டேன். சண்டை நடந்த கெட்ட காலத்தில் வயலுக்குப் போன அவருடைய புருஷன் திரும்பி வரவில்லை, அடக்குவதற்கு மையித்தும் கிடைக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை. உம்மாவோடு இருந்துகொண்டு, ரியூட்டரி வகுப்புகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் தட்டச்சு அடித்துக் கொடுத்துச் சீவித்து வந்தார். அவருடைய விரல் ஓடும் வேகத்தை நான் கொழும்பிலும் கண்டதில்லை.

அவருக்கு முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று, கல்முனையில் புதிதாகத் திறந்திருந்த ஓர் உதவி நிறுவனத்தின் அலுவலகம். அங்கே போய்த் தட்டச்சு அடித்துக் காட்டியிருக்கிறார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் எங்களிடம் தட்டச்சு இயந்திரம் இல்லை, கொம்பியூட்டரில் அடிக்கப் பழகிக்கொண்டு வாருங்கள், அதுவரை இடத்தை வைத்திருக்கப் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றது, குவைத். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்ட்டின் கையில் இருந்தது. வீசா வந்து டிக்கட் வந்தால் ஏற வேண்டும். எது முதலில் வருகிறதோ அதுதான் என்று ராத்தா முதல் நாளே என்னிடம் சொன்னார். மகளை விட்டுப் போக மனமில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டுமா?

கார்ட் வந்த நாளில் பின்வீட்டுக்குள் சேர் வரவில்லை. பிள்ளைகள் இருக்கும் நேரம் உள்ளே வருவதில்லை என்று மரைக்காயர்மாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னால் சொன்னபடி நிற்கும் மனிதர். மதிலின் அடியில் துளை போட்டு ஒரு பைப் துண்டு வைத்து, அதற்குள்ளால் கறுப்புக் கேபிளை விட்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் குந்திக்கொண்டு பைப்பின் வாயில் கதைப்பார். நான் இந்தப் பக்கம் மணலில் முழங்காலூன்றிக் கேட்டுவிட்டு, ஜன்னலடியில் இருந்த பெட்டிக்கு ஓடுவேன். செய்துவிட்டு மறுபடி பைப்புக்கு ஓடுவேன். பெட்டியின் மூடியைக் கழற்றியதும், கார்ட்டைப் பள்ளத்தில் வைத்து அமர்த்தியதும், கேபிளின் தலையை முறுக்கிப் பூட்டியதும் நானும் ராத்தாவும்தான். கார்ட் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே இறங்கும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ராத்தா பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டார்.

சொந்த டிஸ்க் இல்லாததால், சேர் தந்த புளொப்பித் தட்டைத் தின்று பெட்டி உயிர் பெற்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. கார்ட் இருக்கிறது என்றது. நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டோம். பிறகு யோசித்தது. கனநேரம் யோசித்தது. கடைசியில், சேவரைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைப் போட்டுவிட்டு நின்றுவிட்டது. சேவர் என்பது முன்கடைப் பெட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது.

அன்றைக்கு அதை எத்தனை தரம் நிற்பாட்டிப் போட்டோம் என்று எனக்கே தெரியாது. பின்னேரம் அஸர் பாங்கு சொன்னதும் பிள்ளைகள் எழுந்து போனார்கள். ராத்தா மட்டும் மறுபடி ஒருக்காப் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டார்.

பிறகு தொடங்கியது வைத்தியம். கார்ட்டைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களை அழிறப்பரால் தேய்க்கச் சொன்னார் சேர். தேய்த்தோம். வேறு பள்ளத்தில் போடச் சொன்னார். போட்டோம். கேபிளின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மூடி இருக்க வேண்டும், இந்த மூடியை அந்தப் பக்கமும் அந்த மூடியை இந்தப் பக்கமும் மாற்றச் சொன்னார். மூடிகள் பைப்புக்குள்ளால் உருண்டு போயின, வந்தன. கார்ட்டின் மேல் இருந்த சின்னஞ்சிறு ஊசிகளை இடம் மாற்றச் சொன்னார். ராத்தா தன் முக்காட்டு ஊசியைக் கொண்டு நெம்பி மாற்றினார். திரை ஒவ்வொரு தரமும் அதே வரியைத்தான் சொன்னது.

ஒரு வெள்ளிக்கிழமை சேர் பெட்டியைக் கார்ட்டோடு முன்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே வைத்து, அதே கேபிளைப் பூட்டிப் போட்டதும், சொல்லி வைத்தது போல சேவரைக் கண்டுபிடித்துவிட்டது. அவருடைய மனைவி வந்து என்னிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டி திரும்பி வந்தது. பின்வீட்டில் பூட்டினோம். சேவரைக் காணவில்லை. மறுபடி முன்னுக்குப் போனது, ஓடியது. பின்னுக்கு வந்தது; ஓடவில்லை. போக வரப் பெட்டியின் ஆணிகள் தளர்ந்துபோனதுதான் மிச்சம்.

முன்கடையில் ஓடுவது பின்வீட்டில் ஓடவில்லை என்றால் மனிதர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? பெண்பிள்ளைகள் தொட்டு எதையோ குழப்பிவிடுகிறார்கள் என்ற கதை முன்கடையில் தொடங்கி ஊருக்குள் போனது. சேர்கூட ஒருநாள் பைப்புக்குள்ளால், டீச்சர், பிள்ளைகளை அந்தப் பக்கம் கிட்ட வரவிடாதீர்கள் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பைப்பிலேயே மண்ணை அள்ளிப் போட்டு அடைத்திருப்பேன். யார் தொடுவது? பெட்டியைத் தொட்டது நானும் ராத்தாவும் மட்டும். மற்றவர்கள் கரண்ட் அடிக்கும் என்று தூரத்திலேயே இருந்தார்கள்.

கரண்ட் அடிக்கத்தான் செய்தது. கேபிளின் உலோகத் தலையைப் பிடித்தபடி பெட்டியின் தகரத்தில் கை முட்டினால் சுள்ளென்று ஒரு கடி கடிக்கும். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கைபிடியில் உம்மா துணி சுற்றி வைத்திருந்தார். அயன்பெட்டியைச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பிடிப்போம். சுவர்ப் பிளக்கின் மூன்று துளையில் இரண்டு கால் வயரைச் செருகுவதற்கு, மேல் துளைக்குள் பேனை மூடியைக் குத்துவது எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். கரண்ட் என்றால் கடிக்கும், அவ்வளவுதான். ஆகவே நானும் ராத்தாவும் இறப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு கேபிளை முறுக்கினோம். அந்தப் பக்கம் சேரும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் முறுக்கினாராம். மதிலுக்கு இரண்டு பக்கமும் கடி வாங்கினோம்; பைப்புக்குள்ளால் எல்லாவற்றையும் பேசினோம், அதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ராத்தா நிற்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே பின் ஒழுங்கையால் வந்துவிடுவார். பெட்டி சேவரைத் தேடிக் களைத்து நின்ற பிறகு, திரையில் ஒரு சின்னக் கோடு மினுங்கிக்கொண்டிருக்கும். எழுதுவதற்கு வேண்டிய புரோகிராம் எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ராத்தா அந்த மினுங்கும் கோட்டிலேயே அடிக்கத் தொடங்கினார். விசைகளாவது கைக்குப் பழகட்டும் என்றார். ஐயா, தங்களுடைய கடிதம் கிடைத்தது என்று ஆங்கிலத்தில் முத்து முத்தாக அடிப்பார். வரி முடிந்து விசையை அமுக்கியதும் பெட்டி, பிழையான கட்டளை என்று சொல்லும். அடுத்த வரி அடிப்பார். அதற்கும் பிழையான கட்டளை. திரை நிறைய ஒரு மரியாதையான வரியும் ஒரு ஏச்சுமாக மாறி மாறி நிற்கும்.

"இது நம்மட ஊர் ஆம்புளையளப் போல கா. என்னத்தச் சொன்னாலும் பிழை எண்டுதான் சொல்லுது."

ராத்தா இதைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தோம். அந்த அறையில் நாங்கள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிற அளவில் அன்றைக்கு மட்டும்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. சேரிடம் பேசினேன். ஒரு வெள்ளிக்கிழமை, பொடியன்கள் இல்லாத நேரம், ராத்தாவை முன்கடையில் இருத்திக் கொஞ்ச நேரம் பழக்க முடியுமா என்று கேட்டேன். அவர் தயங்கி, மனைவியையும் கூட இருக்கச் சொல்கிறேன், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் ஏதோ பெரிய காரியம் சாதித்தவள் போல ஓடிப்போய் ராத்தாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிமிடம் ஆசை வந்தது. பிறகு போய்விட்டது.

"அந்தச் சென்றிக்கு முன்னால நான் ஒருக்கா ஏறி எறங்கினாப் போதும் புள்ள. என்ட மகளுக்கு மாப்புள கேக்கிற காலத்திலயும் அதக் கதைப்பாங்க."

நான் வாதாடினேன். வாதாட வாதாட அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கே தெரிந்தது. புருஷன் இல்லாத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாதா? குவைத்துக்குப் போனால்கூட, பாவம் என்ன செய்வாள் என்று சொல்லும் வாய்கள், பிரதான வீதியில் ஒரு கடைப் படியேறினால் வேறு மாதிரிச் சொல்லும். இந்த ஊரின் கணக்கு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

கடைசியில் கார்ட்தான் பிழை என்று சேர் முடிவு செய்தார். முன்கடையில் ஓடும் கார்ட் எப்படிப் பிழையாகும் என்று நான் கேட்டேன். சில கார்ட்டுகளுக்குத் தூரம் தாங்காது என்றார். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. வேறு என்ன நியாயம்தான் இருந்தது? வேறு ஒன்று வாங்கக் கொழும்புக்குப் போனார். அப்போதெல்லாம் கொழும்புக்குப் போய் வருவதென்றால் கடையில் போய்ச் சீனி வாங்கி வருவது போல இல்லை. ராத்தா தினமும் வந்து, சேர் வந்திட்டாரா என்று கேட்டார். நான் ஏஜென்ட் வந்திட்டாரா என்று கேட்கவில்லை.

சேர் திரும்பி வரச் சுணங்கியது. வரும் வழியில் ஒரு செக் பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கிச் சாமான்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக் கடதாசி உறைக்குள்ளிருந்து பச்சைத் தகட்டில் கறுப்புப் பூச்சிகளும் கம்பிகளுமாக ஒரு சாமான் வெளியே வந்தால் சிப்பாய்க்கு எப்படி இருக்கும்? சேர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். விளக்க விளக்க அவர்களுக்குச் சந்தேகம் கூடியிருக்கிறது. பெரியவர் ஒருவர் வந்து பார்க்கும்வரை அவரை ஒரு கொட்டிலில் இருத்தி வைத்திருந்தார்கள். பஸ் போய்விட்டது. மறுநாள் ஒரு மரக்கறி லொறியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். அந்த மனிதரை நான் எவ்வளவு ஏசினாலும், அதற்காக ஒரு மரியாதை எனக்கு இன்றைக்கும் உண்டு.

புதுக் கார்ட்டைப் பூட்டிய அன்று ராத்தா பிந்தி வந்தார். நான் தனியாகவே மூடியைக் கழற்றிப் பூட்டத் தொடங்கியிருந்தேன். வந்தவர் முக்காட்டைக்கூடத் தளர்த்தாமல் பக்கத்தில் குந்தி ஆணிகளை எடுத்துத் தந்தார். சுவிட்சைப் போட்டேன். புளொப்பி கரகரத்தது. கார்ட் இருக்கிறது என்றது. யோசித்தது. பைப்புக்குள்ளால் சேர், என்ன சொல்லுது, என்ன சொல்லுது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சேவரைக் காணவில்லை என்ற அதே வரி வந்தது.

"டிக்கட் வந்திட்டு புள்ள" என்றார் ராத்தா, திரையைப் பார்த்தபடியே.

அழுதது நான்தான், அவர் அல்ல. அவர் எழுந்து பெட்டியின் மூடியைச் சரியாக வைத்து, ஆணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். வேலையைப் பாதியில் விட்டுப் போகாத பழக்கம். பிறகு கொஞ்ச நேரம் அடித்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தார். ஐயா, தங்களுடைய கடிதம் கிடைத்தது. பிழையான கட்டளை. தங்களுக்கு நன்றியுடையவளாக இருப்பேன். பிழையான கட்டளை. பள்ளிக்கூடம் விடும் நேரம் வந்ததும் சுவிட்சை நிற்பாட்டி, துணியைப் போர்த்தி, என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே ஏஜென்ட்டின் வான் வண்டியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டார்.

அவர் போய்க் கொஞ்ச நாளில் வாடைக்காற்று பிடித்தது. எங்கள் கரையில் மாரி என்றால் காற்று கடலுக்குள்ளிருந்து நேரே வீட்டுக்குள் வரும். ஒருநாள் தென்னை மட்டை ஒன்று பின்வீட்டுக்கு வரும் வயரின் மேல் விழுந்து அறுத்துவிட்டது. மின்சார சபைக்காரர்கள் வரக் காலம் எடுக்கும் என்றார்கள். சேருக்கும் மனம் விட்டுப் போயிருந்தது. பெண்கள் வகுப்பை மூடிவிடலாம், பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொல்லியனுப்பினார். கொடுக்குமுன் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று ஒருக்காப் போட்டுப் பார்க்கச் சொல்லி, முன்கடையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை மதிலுக்கு மேலால் விட்டார். நெட்வேர்க் கேபிளைக் கழற்றக்கூட எனக்கு மனம் வரவில்லை. அது பூட்டியபடி கிடந்தது. நான் புளொப்பியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன். கார்ட் இருக்கிறது என்றது. யோசிக்கவே இல்லை. சேவர் கிடைத்துவிட்டது என்றது.

நான் நம்பவில்லை. நிற்பாட்டிப் போட்டேன். மறுபடி கிடைத்தது. கேபிளின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். கடிக்கவில்லை.

ஏன் என்று அன்று எனக்கும் தெரியாது, சேருக்கும் தெரியாது. பல வருடத்துக்குப் பிறகு வேறொரு வேலையில் இருந்தபோதுதான் விளங்கியது. இரண்டு வீட்டுக்கும் இரண்டு மீட்டர், இரண்டு இடத்திலிருந்து வந்த கரண்ட், மணலில் ஒழுங்காக இறங்காத எர்த் கம்பி. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் முழுவதும் எங்கள் கேபிளுக்குள்ளால்தான் ஓடிக்கொண்டிருந்தது. கார்ட்டுகள் ஒன்றுடன் ஒன்று பேசப் போனால் அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. ஒரே வீட்டின் கரண்டில் இரண்டு பெட்டியையும் பூட்டியதும் இரைச்சல் நின்றுவிட்டது. கார்ட்டும் பிழையில்லை, பிள்ளைகளும் பிழையில்லை. வயர் ஒன்றை மதிலுக்கு மேலால் எறிந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

வகுப்பு நடந்தது. வயர் இழுத்த வீடு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை; சேரின் மனைவிகூட முகத்தைக் கொஞ்சம் சுளித்ததோடு விட்டுவிட்டார். நின்றுபோன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் வந்தார்கள். அடுத்த நோன்புக்குள் பெட்டி மூன்றாகிவிட்டது. என்னிடம் படித்த நிந்தவூர்ப் பிள்ளை ஒருத்திக்கு அந்த உதவி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. இனிப்புக் கொண்டுவந்து தந்தாள். நான் ஒன்றை வாயில் போட்டு, நல்லா இரு மகள் என்று சொன்னேன். ராத்தா அடிக்கும் வேகத்தில் பாதிகூட அவளுக்கு வராது.

ஒருநாள் பின்னேரம் ராத்தாவின் உம்மா ஆளனுப்பினார். குவைத்திலிருந்து அழைப்பு வரப்போகிறதாம், என்னையும் வரச் சொன்னாராம். கல்முனையில் கொமியூனிகேஷன் என்ற தொலைபேசிக் கடை ஒன்றில்தான் அந்தக் காலத்தில் வெளிநாட்டு அழைப்புகளை எடுப்போம். உம்மாவும் மகளும் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்குப் பெருநாள் சட்டையைப் போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள், தொலைபேசியில் தெரியும் என்பது போல. உம்மா முதலில் பேசி அழுதுவிட்டு ரிசீவரை என் கையில் தந்தார்.

குரல் மிகவும் மெலிந்து வந்தது. வீட்டு எஜமானி வெளியே போயிருக்கிறாள், சுருக்கமாகக் கதைக்க வேண்டும் என்றார். சுகமா என்று கேட்டேன், சுகம் என்றார். கை எப்படி என்று நான் கேட்கவில்லை. அவராகவே, சவர்க்காரத் தண்ணீரில் விரல் நுனி எல்லாம் உரிந்துவிட்டது, இனித் தட்டச்சு அடித்தாலும் எரியும் என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பிறகு கேட்டார்:

"அந்த மெசின் சரிவந்திட்டா புள்ள?"

நான் அந்த அறையிலிருந்துதான் வந்திருந்தேன். மூன்று பெட்டியும் ஓடிக்கொண்டிருக்க, பிள்ளைகளை அடிக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"இல்ல ராத்தா. அது சரிவரவே இல்ல. சேர் அதக் குடுத்திட்டார்."

பின்னால் அழுத குழந்தையை அவர் தட்டி அமர்த்தும் சத்தம் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "அப்ப நான் வந்ததில பிழை இல்ல."

பிறகு மகளிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.